பெண்கள் என்றே எழுதலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுதி ஒன்றில் காவல்துறையினர் நடத்திய சோதனையைப் பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வெளியான சிறு செய்தி, 'ஒரு கார், 5 செல்போன்கள் பறிமுதல் செய்யப்பட்டன. 3 அழகிகள் மீட்கப்பட்டனர்' என்று முடிந்திருந்தது. கைதான ஆண்களுக்கு அதே செய்தியில் வயது இருந்தது, தொழிலும் இருந்தது. அந்த மூவருக்கு எண்ணிக்கை மட்டுமே இருந்தது.

'மீட்கப்பட்டனர்' என்று வினைமுற்று உயர்திணையில்தான் அமைந்திருக்கிறது. இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால், காருக்கும் செல்போனுக்கும் அடுத்தபடியாக எண்ணி வைக்கப்படும்போது அந்தப் பலர்பால் விகுதி பெயரளவுக்கே நிற்கிறது. அந்தப் பெண்களை விலைபேசியவன் அவர்களிடம் கண்டது உடலை மட்டும்தான். அவனிடமிருந்து அவர்கள் விடுபட்டதைச் சொல்ல வந்த செய்தியும் உடலைக் கொண்டே அவர்களுக்குப் பெயரிடுகிறது என்றால், மீட்பு எந்த அளவில் நடந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

விலை உள்ள எதற்கும் ஈடாக வேறொன்றை வைத்துவிடலாம், ஈடு வைக்கவே இயலாததற்குத்தான் மாண்பு உண்டு என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785-இல் எழுதினார். மனிதரைப் பொருளாக்கும் வழிகள் ஏழினை 1995-இல் வகைப்படுத்திய அமெரிக்கத் தத்துவ அறிஞர் மார்த்தா நுஸ்பாம், ஒருவரது இடத்தில் இன்னொருவரை வைத்தாலும் ஒன்றுதான் என்று கருதுவதையும், அவருக்கென்று உள்ளமும் அனுபவமும் இருப்பதையே கணக்கில் கொள்ளாமல் விடுவதையும் அவற்றுள் சேர்த்திருக்கிறார். '3 அழகிகள்' என்ற இரண்டு சொற்களில் இவ்விரண்டுமே அடங்கிவிடுகின்றன. மூவரில் ஒருவர் வேலை தேடி வந்தவராக இருக்கலாம், மற்றொருவர் பிள்ளையைப் பிரிந்து வந்தவராக இருக்கலாம். அழகி என்ற சொல்லுக்கு அந்த வேறுபாடெல்லாம் தேவைப்படுவதில்லை.

சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். படுத்திருக்கும் பாட்டியைப் பற்றி 'அது இப்பதான் கண் அசந்துச்சு, எழுப்பாதே' என்று வீட்டில் சொல்லும்போது அஃறிணையில் எவ்வளவு வாஞ்சை இருக்கிறது! அங்கே பேசுபவர் பாட்டியை அறிந்தவர். அவருடைய வலியை அறிந்தே குரலைத் தாழ்த்துகிறார். சூழல்தான் தீர்மானிக்கும் என்று நுஸ்பாமும் சொல்கிறார். செய்தி எழுதுபவருக்கும் அந்த மூவருக்கும் இடையில் அத்தகைய அறிமுகம் எதுவும் இல்லை. இருப்பது அந்த ஒரு சொல்தான்.

இதை வெளியில் நின்று குறைகூறும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை. நாளிதழ் ஒன்றில் பல ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துநராக இருந்தவன் நான். ஒற்றுப் பிழைக்குச் சுழி போட்ட பேனா, இந்தச் சொல்லின்மீது ஒருநாளும் நின்றதில்லை. ஒருமுறை கேட்டபோது, தலைப்புக்கு இடம் போதாது, 'பாதிக்கப்பட்ட பெண்கள்' என்றெல்லாம் நீட்ட முடியாது என்று செய்தி மேசையில் பதில் வந்தது. நானும் பேசாமல் திரும்பிவிட்டேன். எழுத்தை எண்ணியே பிழைத்தவனுக்கு அன்று ஏனோ எண்ணத் தோன்றவில்லை: 'அழகிகள்' ஐந்தெழுத்து; 'பெண்கள்' நான்கே எழுத்து.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்