அந்த ஒரு கட்டத்தை மாற்றுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடும்பத்தோடு உறவு அறுந்துபோன மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் எப்படித் துணை நிற்கலாம் என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். உதவித்தொகை, மனநல ஆலோசனை பற்றியெல்லாம் எழுதியிருந்தீர்கள், சரி. ஆனால் அந்த உதவியைக் கேட்டுப் போகும் பிள்ளை முதலில் முட்டிக்கொண்டு நிற்பது படிவத்தில் இருக்கும் 'பெற்றோர் கையொப்பம்' என்ற கட்டத்தில்தான்.

மாணவியர் விடுதியில் 11 ஆண்டுகள் காப்பாளராக இருந்தவள் நான். ஒரு மாணவி அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுப் படிவத்தை நீட்டினாள். "அவங்க போட மாட்டாங்க மேடம்" என்றாள். "என்ன இருந்தாலும் அம்மாதானே, ஒரு தடவை போன் பண்ணிப் பாரேன்" என்றேன். நல்லதென்று நினைத்துத்தான் சொன்னேன். பதில் பேசாமல் தாளை வாங்கிக்கொண்டு போனவள், அந்தப் பருவம் முழுக்க என் அறைப் பக்கம் வரவில்லை. அடிக்குப் பயந்து வீட்டை விட்டு வந்தவள் அவள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இன்றும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

பெற்றோர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. பிரிந்திருந்தால் நீதிமன்ற ஆணை இருக்கிறது. உயிரோடு இருக்கும் பெற்றோர் தனக்கு இல்லை என்பதற்கு ஒரு பிள்ளை எந்தத் தாளைக் காட்டும்?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கல்விக்கடன் தரும்போது பொதுவாகப் பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பார்கள். உறவு முறிந்தவர் என்றால் அதைப் பார்ப்பதில்லை. நிலைமை தெரிந்த ஆசிரியரோ மருத்துவரோ சமூகப் பணியாளரோ எழுதித் தரும் கடிதத்தைச் சான்றாக ஏற்கிறார்கள். அமெரிக்காவில் 2024-25 கல்வியாண்டிலிருந்து, இப்படிப்பட்ட மாணவர்கள் பெற்றோர் விவரம் இல்லாமலே மத்திய அரசின் நிதியுதவிப் படிவத்தை அனுப்பலாம். கல்லூரி ஒருமுறை விசாரித்து ஏற்றுக்கொண்டால், நிலைமை மாறாதவரை அங்கே அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் அது செல்லும்.

அந்த 'ஒருமுறை'தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கட்டணப் பிரிவில் ஒரு தடவை, விடுதியில் ஒரு தடவை, அடுத்த வருடம் புதிதாக வந்த அலுவலரிடம் இன்னொரு தடவை என்று, வரிசையில் பின்னால் நிற்பவர் காதில் விழ, வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டி இருந்தால் யார்தான் திரும்ப வருவார்கள்? பொறுப்பான ஒருவரிடம் ஒருமுறை சொன்னால் போதும், மற்றப் பிரிவுகளுக்கு அவரே தகவல் சொல்வார் என்று வைக்கலாமே. காரணம்கூட எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம் விடுமுறை. விடுதியைப் பூட்டும்போது எல்லோருக்கும் போக வீடு இருக்கிறது என்று நாமாகவே முடிவு செய்துவிடுகிறோம். பிரிட்டனில் யுனைட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை இத்தகைய மாணவர்களுக்கு ஆண்டின் 365 நாளும் வாடகையில்லாத தங்குமிடத்தை மூன்று ஆண்டுகள் வரை தருகிறது. அந்த அளவு முடியாத இடத்தில், நாலைந்து அறைகளையாவது விடுமுறையிலும் திறந்து வைக்கலாம்.

'பெற்றோர்' என்பதற்குப் பக்கத்தில் 'அல்லது மாணவர் குறிப்பிடும் ஒருவர்' என்று சேர்க்க நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம். அடுத்த சேர்க்கைக்குப் படிவம் அச்சாகும்போதே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளர் ஒருவர்