கூலிக்கு ஆள் கிடைக்காத கதை

அன்புள்ள சிவகுருநாதன்,

கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து, இப்போதுதான் படிக்கவும் எழுதவும் மருத்துவர் அனுமதித்திருக்கிறார். பதில் தாமதமானதற்கு அதுவே காரணம். அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கேட்கிற கூலி கட்டுப்படியாகவில்லை என்று நீ அலுத்துக்கொண்டிருந்த பத்தியை இரண்டு முறை படித்தேன். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே புலம்பலைப் பொருளாதாரக் கோட்பாடாகவே ஆக்கிய ஆங்கிலேயர் ஒருவர் நினைவுக்கு வந்தார்.

எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டு என்பது அவர் பெயர். செல்வந்தர் வீட்டுப் பெண்ணை, 15 வயதுப் பள்ளி மாணவியை, 1826இல் ஏமாற்றி அழைத்துச் சென்று மணந்ததற்காக லண்டன் நியூகேட் சிறையில் மூன்றாண்டுத் தண்டனை பெற்றவர். ஆஸ்திரேலியாவைக் கண்ணால்கூடப் பாராமல், சிட்னியில் குடியேறியவர் எழுதுவதுபோல 1829இல் அந்தச் சிறையிலிருந்தே கடிதங்கள் எழுதி வெளியிட்டார். துணிச்சலைப் பார்!

குடியேற்ற நாடுகளில் நல்ல நிலம் மலிவாகக் கிடைப்பதால் கூலி உயர்ந்து, உழைப்பவன் விரைவிலேயே நிலக்காரனாகிவிடுகிறான் என்பதை ஆடம் ஸ்மித் 1776இல் வளர்ச்சியின் அடையாளமாகக் கண்டார். வேக்ஃபீல்டுக்கு அதுவே நோயாகத் தெரிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் ஆற்றுக் குடியேற்றத்துக்கு 50,000 பவுன் மதிப்புள்ள முதலோடும் ஏராளமான வேலையாட்களோடும் போன தாமஸ் பீல் என்பவருக்கு, அங்கே இறங்கிய பின் படுக்கை விரிக்கவோ ஆற்றில் நீர் மொண்டு வரவோ ஒருவரும் மிஞ்சவில்லை என்று அவர் எழுதினார். பீலிடம் பணம், விதை, கருவிகள் எல்லாம் இருந்தன. வேறு வழியில்லாத மனிதர்கள்தான் இல்லை.

இதற்கு வேக்ஃபீல்டு சொன்ன மருந்து 'போதுமான விலை'. அரசு நிலத்துக்கு வேண்டுமென்றே உயர்ந்த விலை வைத்தால், வந்திறங்கும் ஏழை சில ஆண்டுகளாவது பிறரிடம் கூலிக்கு உழைத்துத்தான் நிலம் வாங்க முடியும்; விற்ற பணத்தில் பிரிட்டனிலிருந்து அடுத்த ஏழைகளைக் கப்பலேற்றலாம். 1834ஆம் ஆண்டின் தென் ஆஸ்திரேலியச் சட்டம் இதையே பின்பற்றி, ஏக்கருக்குக் குறைந்தது 12 ஷில்லிங் என்று வரம்பு வைத்தது. பின்னர் அடிலெய்டு எழுந்த இடத்தில் வாழ்ந்துவந்த கௌர்னா மக்கள் உட்பட எல்லாரையும் மறந்துவிட்டு, அந்தச் சட்டம் அதைத் தரிசு நிலம் என்றே குறித்தது. வறுமை தானாக முளைப்பதில்லை, சட்டம் போட்டு விளைவிக்கலாம் என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் வேறு யாருமில்லை என்பேன். 1867இல் வந்த 'மூலதனம்' முதல் தொகுதியின் கடைசி அதிகாரத்தை மார்க்ஸ் இவருக்கென்றே ஒதுக்கியது அதனால்தான்.

இலங்கையிலும் 1840இல் காட்டையும் தரிசையும் அரசுடைமையாகக் கருதும் சட்டம் வந்து, காப்பித் தோட்டங்கள் பெருகின. சொந்த வயல் வைத்திருந்த கண்டிச் சிங்களவர் தோட்டக் கூலிக்கு நிலையாக வரவில்லை. நிலமும் சோறும் இல்லாத நம் மாவட்டத்து மக்கள்தாம் நடந்தே போனார்கள்.

உன் அப்பா காலத்தில் குரல் கொடுத்தவுடன் ஆட்கள் வரப்பில் வந்து நின்றார்கள் என்று எழுதியிருக்கிறாய். அவர்களில் எத்தனை பேருக்குச் சொந்தமாக ஒரு காணி இருந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
வைத்தியநாதன்