பொக்லைன் வந்து போன மறுநாள், தம்பிக்கு

தம்பி,

நம் இட்டேரியின், அதுதான் வீட்டுக்கு வரும் வண்டித்தடத்தின், தென்புற வேலி போய்விட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் இன்னும் பத்து நாள் எழுதாமலே இருந்துவிடுவேன்.

"பொக்லைன் மட்டும் விட்டுவிடாதீர்கள் அண்ணா" என்று நீ அனுப்பிய குரல் செய்தி வந்து ஒன்பது நாள் ஆகிறது. பதில் சொல்லாததற்குக் காரணம், அதற்கு முந்தின நாளே வண்டிக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். நேற்றுக் காலை ஏழு மணிக்கு வந்தது. பதினொன்றரைக்கு ஓட்டுநர் நம் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். தாத்தா காலத்துக் கிளுவை வேலி, கொஞ்சமாவது மல்லுக்கட்டும் என்று நினைத்திருந்தேன். சோளத்தட்டைப் பிடுங்குவதுபோல் வந்துவிட்டது. பிரண்டையும் கோவைக்கொடியும் அதோடு சேர்ந்தே இழுபட்டு வந்தன. இரண்டு கவுதாரிகள் அந்த மண்மேட்டில் ஏறுவதும் இறங்குவதுமாகப் பொழுது சாயும்வரை எதையோ தேடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கக்கூடாது என்றுதான் மோட்டார் போடப் போவதுபோல் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

போனில் சொல்லலாம்தான். போனில் நான் கத்துவேன், நீ பேசாமல் இருப்பாய், அம்மா பிடுங்கி வைத்துவிடுவாள். இங்கே எழுதினால் நீ படிப்பாய் என்று தெரியும். பங்காளிகளும் படிப்பார்கள், மாமன் வீட்டாரும் படிப்பார்கள். அதனால் யார் சொல்லி வண்டி வந்தது, வாடகையில் யார் பங்கு இன்னும் வரவில்லை என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. காட்டுப் பாகத்தைப் பற்றியும் இங்கே ஒரு வரி கிடையாது. எல்லோரும் நல்லபடியாகவே நடந்துகொண்டார்கள் என்று வைத்துக்கொள்.

காடு என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் வருடம் நீ "சனி ஞாயிறு காட்டில் இருப்பேன், போன் கிடைக்காது" என்றபோது, அங்கே என்ன விதைத்திருக்கிறான் என்று அம்மா கேட்டாள். காடு என்றால் அவளுக்கு மழையை நம்பி விதைக்கிற மேட்டாங்காடுதான். கொள்ளா, சோளமா என்று அவள் விடவில்லை. மினசோட்டாவில் ஏரிகளுக்கு நடுவே ஊசியிலை மரமெல்லாம் நிற்கிற காடு, யாரும் எதையும் விதைப்பதில்லை, பனிக்காலத்தில் காலில் நீளப் பலகை கட்டிக்கொண்டு சறுக்கிப்போக ஒரு தடம் வைத்திருக்கிறார்கள், அதை இவன் கூலி வாங்காமல் வெட்டிக் கொடுக்கிறான் என்று விளக்கினேன். "கூலி இல்லாமலா?" என்றாள். அதற்குமேல் என்னாலும் விளக்க முடியவில்லை.

ஆனால் நீ சொல்லச் சொல்ல நான் ஆசையாகக் கேட்டிருக்கிறேன், அதை மறுக்க மாட்டேன். கோடையில் தலைக்கு மேல் நிற்கும் கிளை, மூன்றடிப் பனி சேர்ந்துவிட்டால் நடப்பவன் மார்பில் இடிக்கும். பனியின் பாரம் ஏறினால் இன்னும் தாழும். அதனால் கையை உயர்த்தினாலும் எட்டாத உயரத்துக்கு இப்போதே கழிக்க வேண்டும் என்றாய். அப்பா நம் இட்டேரியில் சொன்ன அளவுதான் எனக்குத் தோன்றியது: வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி உரசாமல் போக வேண்டும். 1999 ஜூலை 4 அன்று அடித்த ஒரே காற்றில் அந்தப் பக்கம் லட்சக்கணக்கான ஏக்கரில் மரம் சாய்ந்ததையும், 1964-இல் வந்த சட்டப்படி அந்தக் காட்டுக்குள் மோட்டார் ரம்பம்கூட எடுத்துப்போகக் கூடாது, இரண்டு பேர் இழுக்கும் ரம்பம்தான் என்பதையும் நீ சொன்னபோது நான் சிரித்தேன். வேட்டைக்காரர்கள் மான் என்று சுட்டுவிடாமல் இருக்க எல்லோரும் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும் படம் அனுப்பினாயே, அதில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவோடு நீ ரம்பம் பிடித்திருந்தாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கட்டைவிரல் தெரிந்தது.

அந்த விரலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

சித்திரைக் கோடைமழைக்கு இட்டேரியின் குறுக்கே வேம்பு சாய்ந்த வருடம். உனக்குப் பதின்மூன்று, எனக்குப் பத்தொன்பது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்திருந்தார்கள். தொரட்டி, கவைக்கோல், கொடுவாள் என்று ஆளுக்கொன்று. அம்மா அரிசிம்பருப்புக்கு அடுப்புக் கூட்டிவிட்டாள். அடிமரத்தை அறுக்க அப்பா நம் இருவரையும் விட்டார். "இழுப்பது மட்டும்தான் உன் வேலை. திரும்பப் போவது எதிரில் இருப்பவன் வேலை" என்றார். முதல் கால் மணி நேரம் எவ்வளவு அழகாகப் போயிற்று! ரம்பத்தின் பல் இடுக்கிலிருந்து சீவல் சீவலாக, சந்தகை பிழிந்ததுபோல் நீளநீளமாக விழுந்தது. அதை ஒரு கை அள்ளி நீ தலையில் போட்டுக்கொண்டாய். வேப்பம்பாலின் கசப்பு வாசம். அப்பா ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார், அது அவர் மெச்சுகிற விதம்.

பிறகு நீ களைத்துவிட்டாய். இழுக்காமல் ரம்பத்தின்மேல் தொங்க ஆரம்பித்தாய். எனக்கு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் தள்ளினேன். தெரிந்தேதான் தள்ளினேன், நீ முழித்துக்கொள்ளட்டும் என்று. தகடு வில்லாக வளைந்து வெட்டை விட்டுத் துள்ளியது. மரத்தின்மேல் ஊன்றியிருந்த உன் இடது கையில் இறங்கியது.

அப்பா ஓடி வந்து உன்னைத்தான் அறைந்தார். "கையை ஏன் அங்கே வைத்தாய்?" ரத்தம் சொட்டச் சொட்ட நீ என்னைப் பார்த்தாய். நான் ரம்பத்தைப் பார்த்தேன். அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள், காங்கேயம் கொண்டுபோய் ஐந்து தையல் போட்டார்கள். நான் மூன்று மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நீ ஒருநாளும் அதைச் சொன்னதில்லை, குடித்துவிட்டுக்கூடச் சொன்னதில்லை. நான் தள்ளினேன், தம்பி. மன்னித்துவிடு. நீ தொங்காமல் இருந்திருந்தால் தள்ளியிருக்க மாட்டேன் என்பதும் உண்மைதான், அதையும் எழுதிவிடுகிறேன்.

சரி, போன வருடத்துக்கு வருகிறேன். நாங்கள் ஏன் உனக்காகக் காத்திருக்கவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே ஒரு கேள்விதான். சனிக்கிழமை விடியக் காலை அப்பா போனார். உனக்கு அப்போது வெள்ளி இரவு ஏழு மணி. நீ அன்று மதியமே காட்டுக்குள்ளே போய்விட்டிருந்தாய். நாற்பது முறையாவது போன் போட்டிருப்பேன். சனிப்பிணம், இரவு தங்கக் கூடாது என்றார்கள் பெரியவர்கள். பாடையில் கோழியைக் கட்டி நான்கு மணிக்கு எடுத்தோம். குளிர்பெட்டி இருந்தது, மூன்று நாள் வைத்திருக்கலாம். வைக்க வேண்டாம் என்று சொன்னது பெரியவர்கள் மட்டுமில்லை, நானும்தான். நீ யாரோ சறுக்கிப் போகிற வழிக்குக் கிளை கழித்துக்கொண்டிருந்தாய், இந்த வழியைக் கழிக்க நான்கு வருடமாக நான் ஒருவன்தான். அந்தக் கோபத்தில் சொன்னேன். திங்கட்கிழமை பவானி கூடுதுறையில் சாம்பலைக் கரைத்துவிட்டு ஈர வேட்டியோடு படியேறும்போது உன் அழைப்பு வந்தது. அப்போது உன்னிடம் என்ன பேசினேன் என்பது உனக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வேண்டாம்.

ஆனால் ஒன்றை உன்னிடம் சொல்லவே இல்லை. அப்பா படுக்கையில் போகவில்லை. ஆம்புலன்ஸ் இட்டேரி முனையோடு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கிளுவை முட்டிக்கொண்டு நிற்க, நடுவே சீமைக்கருவேலன். ஓட்டுநர் பாவம், முயன்று பார்த்தார், கண்ணாடிதான் உடைந்தது. கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கினோம். கைபேசி வெளிச்சத்தில் முள்ளை ஒதுக்கி ஒதுக்கி அரை கிலோமீட்டர். "கிளையைப் பிடியடா, முகத்தில் அடிக்கிறது" என்று அப்பா என்னிடம் சொன்னார். வேப்பங்கட்டை தாண்டும்போது இருந்தார். முனைக்கு வந்து கட்டிலை இறக்கியபோது இல்லை.

இப்போது சொல், பொக்லைன் விட்டது தவறா? உங்கள் காட்டில் கைரம்பம்தான் என்று சட்டம் போடலாம். அங்கே அது வேண்டுமென்று வருகிற முப்பது பேர் இருக்கிறார்கள். இங்கே வீட்டுக்கு ஓர் ஆள் என்று கூப்பிட்டால் வருவது முட்டி வலிக்காரர்களும் நானும். மீதிப் பேர் திருப்பூரில் இருக்கிறார்கள், இல்லையென்றால் உன்னைப்போல் எங்கேயோ.

ஆனாலும் கவுதாரியை நினைத்தால் வயிறு என்னவோ செய்கிறது.

வியாழக்கிழமை திதி. நீ வர வேண்டாம், டிக்கெட்டுக்குப் பணம் வீணாக்காதே. வருகிறாய் என்றால் அம்மாவிடம் முன்கூட்டிச் சொல், திடீரென்று வந்து நிற்காதே. ரம்பம் இருக்கிறதா என்று கேட்டிருந்தாயே, பரணில்தான் இருக்கிறது. உன் குரல் செய்தியில் முதலில் ரம்பம், பிறகுதான் அப்பா. அதுவும் கணக்கில் இருக்கிறது. துருவேறியிருக்கிறது, பல் ஒன்று உடைந்திருக்கிறது, கைப்பிடி ஒன்று உளுத்துவிட்டது. வாகையில் புதிதாக ஒன்று கடையச் சொல்லியிருக்கிறேன். ஐந்தடி இரும்பைப் பெட்டியில் கட்டி அனுப்ப என்னால் ஆகாது.

வடபுறத்தில், வேப்பங்கட்டை இருக்கிற இடத்தைச் சுற்றி இருபது அடிக்கு வண்டியை விடவில்லை. அங்கே கட்டையை ஒட்டி ஒரு சீமைக்கருவேலன் தொடையளவு பருத்திருக்கிறது. அதை மட்டும் பிடுங்க வேண்டாம், நாங்கள் அறுத்துக்கொள்கிறோம் என்றேன். ஒழியட்டும் என்று ஊரே சபிக்கிற மரத்துக்கா இந்தப் பாடு என்று ஓட்டுநர் என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்.

அண்ணன்