கொறங்காட்டைத் 'தரிசு' என்று எழுதியதைத் திருத்தக் கோரி மூன்றாவது மனு

நில வகைப்பாட்டு வரைபடப் பணியைக் கவனிக்கும் அலுவலர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகள், அதாவது எங்கள் மேய்ச்சல் நிலங்கள், தாங்கள் அறியாதவை அல்ல. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். இதே விஷயமாக ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்தேன். ரசீது இருக்கிறது, பதில்தான் இல்லை.

1. செயற்கைக்கோள் படத்தை வைத்துத் தயாரித்த வரைபடத்தில் எங்கள் ஒன்பது ஏக்கரும் தரிசு. படம் எடுத்த மாதத்தைக் கேட்டுப் பார்த்தேன்: ஏப்ரல்.

2. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புமாம், அந்த வித்தியாசத்தில்தான் நிலத்தில் எவ்வளவு பச்சை இருக்கிறது என்று என்டிவிஐ கணக்குப் போடுகிறார்களாம். வேளாண்மை படிக்கும் என் மகள் சொன்னாள். சரி. சித்திரையில் எங்கள் புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் நிற்கும், அந்தக் கணக்கில் வெறும் மண் மாதிரிதான் தெரியும். ஆனால் மாடு அதைத்தான் மேய்கிறது ஐயா. வெள்வேலங்காய் உதிர உதிர ஆடுகள் ஓடிப்போய்ப் பொறுக்குகின்றன. தரிசிலா இதெல்லாம் நடக்கும்?

3. பக்கத்து நிலத்தில் சீமைக் கருவேலம் மண்டி ஆள் நுழைய முடியாது. அது ஏப்ரலிலும் பச்சை, ஆகவே வரைபடத்தில் அது நல்ல தாவரப் பரப்பு! முள்ளுக்கு மரியாதை, புல்லுக்கு இந்தப் பெயர். பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

4. அப்புறம், வாரம் ஒரு சோலார் தரகர் வருகிறார். "சும்மா கிடக்கிற நிலம்தானே" என்கிறார்கள், நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே. போன மாதம் வந்தவர் படலைத் திறந்துபோட்டுவிட்டுப் போக, சினையாக இருந்த மயிலைப் பசு தார்ரோட்டில் லாரிக்கு முன்னால் நின்றது.

5. சென்டினல்-2 இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் அளவுக்குத் தெளிவாக, இலவசமாகவே படம் தருகின்றன. ஐப்பசியில் மேகம் மறைக்கும், ஒப்புக்கொள்கிறேன். மழை விட்டு வெயிலடிக்கும் கார்த்திகை, மார்கழியில் ஒரு நல்ல படம்கூடவா கிடைக்காது? மொட்டை போட்ட அன்று பார்த்துவிட்டு ஒருவனை வழுக்கை என்று பதிவேட்டில் எழுதினால் எப்படி?

தயவுசெய்து மழைக்குப் பிந்தைய படங்களையும் சேர்த்து, வருடம் முழுக்கப் புல் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்துத் திருத்துங்கள். இல்லையென்றால் நேரில் ஒரு நடை வாருங்கள். திருத்துங்கள் ஐயா, அவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கொறங்காட்டு விவசாயி

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது இரண்டு, போன மார்கழியில் போனில் எடுத்த படம் ஒன்று (புல்லுக்குள் நிற்கும் கன்றுக்குட்டியின் கால் தெரியாது, தேடவேண்டாம்).