முப்பத்திரண்டு ஆண்டுக் கூலி

பாளையங்கோட்டை

அன்பு நண்பர் சுந்தரம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீங்களே உங்கள் கையால் நான்கு பக்கம் எழுதும் அளவுக்குத் தேறிவிட்டீர்கள் என்பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மகள் சிகாகோவை அடுத்த எவன்ஸ்டனில் சொந்த வீடு வாங்கியிருப்பதும், கோடையில் நீங்களும் அண்ணியாரும் சிகாகோ செல்லவிருப்பதும் நல்ல செய்திகள். இங்கே நாங்கள் நலம். முழங்கால் வலி காரணமாக மாலை நடையை மட்டும் குறைத்துக்கொண்டேன். படிப்பதற்கு அதனால் நேரம் கூடியிருக்கிறது.

எவன்ஸ்டன் நகராட்சி கறுப்பினக் குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்குவதை அறிந்து உங்கள் மகள் கேட்ட கேள்வியை எழுதியிருந்தீர்கள். அண்மையில் அங்கு குடியேறிய தான் யாரையும் அடிமையாக வைத்திருக்கவில்லையே, தன் வரிப்பணம் ஏன் அதற்குப் போக வேண்டும் என்று அவர் கேட்டதில் தவறில்லை. அதோடு உங்கள் கருத்தையும் சேர்த்திருந்தீர்கள்: அடிமைமுறை ஒழிந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது, அந்தத் துன்பத்தை எவராலும் கணக்கிட முடியாது, பணத்தைப் பேசினால் அதன் புனிதம் கெடும், சட்டத்தின் முன் சமத்துவம் போதும் என்று. இவற்றில் எதையும் ஒரு வரியில் தள்ளிவிட எனக்கு மனமில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கணக்கிட முடியாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த சில மாதங்களில், 1865 ஆகஸ்டில், ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரிலிருந்து ஜோர்டன் ஆண்டர்சன் என்பவர் டென்னசியில் இருந்த தம் பழைய எஜமானருக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதுவித்தார். திரும்பி வந்து தம்மிடம் வேலை செய்யும்படி எஜமானர் அழைத்திருந்தார். அதற்குப் பதிலாக ஆண்டர்சன் மிகுந்த மரியாதையோடு எழுதியது இதுதான்: நான் உங்களிடம் 32 ஆண்டுகள் உழைத்தேன், என் மனைவி மாண்டி 20 ஆண்டுகள் உழைத்தாள், எனக்கு மாதம் 25 டாலரும் அவளுக்கு வாரம் 2 டாலரும் என்று வைத்தால் 11,680 டாலர் ஆகிறது, இத்தனை நாள் நிறுத்தி வைத்ததற்கு வட்டியைச் சேர்த்து, எங்களுக்கு எடுத்துக் கொடுத்த துணிக்கும், எனக்காக மருத்துவர் மூன்று முறை வந்ததற்கும், மாண்டிக்கு ஒரு பல் பிடுங்கியதற்கும் ஆன செலவைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள். நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அவருக்கு 9,600, மாண்டிக்கு 2,080. ஒரு டாலர்கூடப் பிசகவில்லை. ஓர் ஆளை விலைக்கு வாங்கி வைத்திருந்தவரிடம் பல் பிடுங்கிய செலவைக் கழித்துக்கொள்ளச் சொல்லும் அந்த நேர்மையை எண்ணி எண்ணி மாய்ந்துபோகிறேன்.

கணக்கில் அடங்காததும் அதே கடிதத்தில் இருக்கிறது. தம் பெண்கள் மில்லியும் ஜேனும் வளர்ந்துவிட்டார்கள், அங்கே வந்தால் அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டா, மாட்டில்டாவுக்கும் காத்தரினுக்கும் என்ன நேர்ந்தது என்பது உங்களுக்கே தெரியும் என்று ஆண்டர்சன் எழுதுகிறார். அதற்கு அவர் விலை போடவில்லை, போடவும் முடியாது. ஆனால், ஈடு செய்ய முடியாத கொடுமை ஒன்று நடந்திருக்கிறது என்பதற்காகக் கொடுக்க வேண்டிய கூலியும் தள்ளுபடியாகிவிடுமா? நீங்கள் சொல்லும் வாதம், நீங்கள் நினையாமலே, அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆண்டர்சன் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. அந்தப் பணம் அவருக்கு வரவில்லை.

மறுபக்கம், கணக்கிட முடியும் என்பதைப் பிரிட்டிஷ் அரசு அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருந்தது. 1833-ஆம் ஆண்டின் அடிமை ஒழிப்புச் சட்டம் 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு அது. அந்தப் பணம் முழுவதும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குப் போயிற்று. இதற்கென ஓர் ஆணையம் அமைந்தது. ஆயிரக்கணக்கில் வந்த விண்ணப்பங்களைக் காலனி வாரியாகப் பிரித்து, வயல் வேலை செய்பவர், வீட்டு வேலை செய்பவர், ஆறு வயது நிரம்பாத குழந்தைகள், முதுமையாலும் நோயாலும் உழைக்க இயலாதவர் என்று வகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் விலை குறித்தார்கள். விடுவிக்கப்பட்ட ஏறத்தாழ எட்டு லட்சம் பேருக்கு ஒரு காசும் இல்லை. அதற்கும் மேல், வயலில் உழைத்தவர்கள் 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் பழைய எஜமானரிடமே வாரத்தின் பெரும்பகுதி கூலியின்றி உழைக்க வேண்டும் என்று அதே சட்டம் விதித்தது. எதிர்ப்பு வலுத்து அந்த ஏற்பாடு முடிவுக்கு வர 1838 ஆகஸ்டு ஆயிற்று.

அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. தலைநகர் வாஷிங்டனில் 1862 ஏப்ரலில் அடிமைகள் விடுவிக்கப்பட்டபோது, போரில் ஒன்றிய அரசின் (வடக்கின்) பக்கம் விசுவாசமாக இருந்த உடைமையாளர்களுக்கு, விடுவித்த ஒவ்வோர் அடிமைக்கும் 300 டாலர் வரை கருவூலம் கொடுத்தது. விடுதலையானவர்களுக்கு நிலம் தருவதாக 1865 ஜனவரியில் ஒன்றியப் படைத் தளபதி ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்தார். சவானா நகரில் கறுப்பினப் போதகர்கள் இருபது பேரை அழைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்ட நான்கு நாட்களில் அந்த ஆணை வந்தது. அவர்கள் சார்பில் பேசிய காரிசன் பிரேசியர், எங்களுக்கென்று நிலம் வேண்டும், அதை நாங்களே உழுது பிழைத்துக்கொள்வோம் என்றார். கடற்கரையோரம் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கப்பட்டு, ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் குடியேறிப் பயிரும் வைத்தார்கள். லிங்கன் கொலையுண்டபின் பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த ஆண்டு முடிவதற்குள் நிலத்தைப் பழைய தோட்ட முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்கச் செய்தார். இழப்பீட்டுக் கோரிக்கையை இக்காலத்தவர் சிலர் புதிதாகக் கிளப்பியது என்று சொல்பவர்களுக்கு இந்த வரலாறு தெரியவில்லை.

ஹைட்டியின் கதை இன்னும் கொடியது. தம் கையாலேயே விடுதலையை வென்றெடுத்த அந்த மக்களிடம், 1825-இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, பழைய முதலாளிகளின் இழப்புக்காக 15 கோடி பிராங்கு கேட்டார். பின்னர் அது 9 கோடியாகக் குறைந்தாலும், அதைக் கட்ட வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை நீடித்தது.

இனி உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். பிரிட்டிஷ் அரசு அந்த 2 கோடியில் ஒன்றரைக் கோடியைக் கடனாகத் திரட்டியது. அந்தக் கடன் வேறு கடன் பத்திரங்களோடு சேர்க்கப்பட்டு, கைமாறிக் கைமாறி, 2015-ஆம் ஆண்டில்தான் முழுவதும் அடைந்தது. அப்படியானால் கரீபியத் தீவுகளிலிருந்து சென்று லண்டனில் பேருந்து ஓட்டியவர்களும், மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர்களும், அடிமைகளின் கொள்ளுப்பேரர்களாகிய அவர்கள், தம் முன்னோரை அடிமையாக வைத்திருந்தவருக்குக் கொடுத்த பணத்துக்கான கடனைத் தம் வரியில் கட்டினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போரில் தப்பிச் சென்று அங்கே குடியேறிய நம் தமிழர்களும் கட்டினார்கள். நான் அடிமை வைத்திருக்கவில்லையே, அந்த உடைமையாளர்களின் பங்கை நான் ஏன் கட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அரசு பட்ட கடன் அரசையே சாரும், ஆட்கள் மாறினாலும் கடன் மாறாது என்றுதான் கருவூலம் பதில் சொல்லியிருக்கும். அந்தப் பதில் சரியானதே. அதே பதிலை மறுபக்கத்துக்கும் சொல்ல வேண்டும் என்பதே என் வழக்கு. யாரும் உங்கள் மகளைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஒரு நாட்டின் குடியாகும்போது அதன் சாலைகளும் பல்கலைக்கழகங்களும் நமக்கு உரிமையாவது போலவே அதன் நிலுவைகளிலும் நமக்குப் பங்கு வருகிறது.

எவன்ஸ்டனைப் பொறுத்தவரை, அந்த நகராட்சி ஈடு செய்ய முயல்வது அடிமைமுறையை அன்று. 1919-க்கும் 1969-க்கும் இடையில் அந்த நகரில் வீட்டு வசதியில் காட்டப்பட்ட பாகுபாட்டுக்கே அந்த ஈடு. அக்காலத்தில் அங்கு வாழ்ந்த கறுப்பினத்தவரும் அவர்களுடைய நேர் வாரிசுகளும் 25,000 டாலர் பெறலாம் என்று 2021-இல் நகர மன்றம் முடிவு செய்தது. நிதியும் முதலில் கஞ்சா விற்பனை மீதான நகர வரியிலிருந்துதான் ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் குலுக்கல் முறையில் 16 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் எல்லோரும் முதியவர்கள். ஆகவே ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது என்ற உங்கள் பேச்சு அவர்களிடம் செல்லாது. 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரம் நகரமாக வரைபடம் போட்டு, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி, கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்து வைத்தது. வீடு வாங்கக் கடன் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? பிள்ளைகளின் படிப்புக்கு அடமானம் வைக்கவும், முதுமையில் யாரிடமும் கையேந்தாமல் இருக்கவும் நம் தலைமுறைக்கு இருந்தது அந்த ஒரு வீடுதானே. அமெரிக்க மத்திய வங்கியின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. சட்டத்தின் முன் சமத்துவம் வந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளான பின்னும் உள்ள நிலை இது.

பணம் விஷயத்தைச் சிறுமைப்படுத்தும் என்கிறீர்கள். இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி மன்னிப்புக் கடிதமும் 20,000 டாலரும் கொடுக்கப்பட்டன. பணத்தோடு வந்ததால் அந்த மன்னிப்பு மலிவாகிவிடவில்லை. வெறும் சொல் அல்ல என்று நம்பவைத்ததே அந்தப் பணம்தான். எவன்ஸ்டனில் முதலில் அந்தத் தொகையை வீடு வாங்கவோ பழுதுபார்க்கவோ கடன் அடைக்கவோ மட்டும் அனுமதித்தார்கள்; பின்னரே கையில் பணமாகப் பெறும் வழி வந்தது. அந்த முதல் ஏற்பாடு எனக்கு உவப்பாக இல்லை. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டன் 2,508 அடிமைகளுக்காக ஒரு லட்சத்து ஆறாயிரம் பவுண்டுக்கு மேல் பெற்றார். அதை எப்படிச் செலவிடப் போகிறீர்கள் என்று அவரை யாராவது கேட்டார்களா?

அந்த ஜான் கிளாட்ஸ்டன்தான் அடிமைகளுக்குப் பதிலாக இந்தியக் கூலிகளைக் கயானாவுக்கு வரவழைத்தவர்களில் முதல்வர். மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் சென்ற நம்மவர்களின் பயணமும் அதே வகை ஏற்பாட்டின் பகுதியே. அவருடைய வழித்தோன்றல்கள் 2023-இல் கயானா சென்று நேரில் மன்னிப்புக் கேட்டார்கள். 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்குப் பொருந்தாது என்று விலக்கு அளித்திருந்ததையும் சொல்லியாக வேண்டும். தஞ்சைப் பக்கத்துப் பண்ணையடிமைகளுக்கு 1843 வரை சட்டத்தின் பார்வை கூடக் கிட்டவில்லை. கிட்டியபோதும் நிலமோ கூலியோ உடன் வரவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அறிக்கைக்குப் பின் 1892-இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எவர் எவர் கைக்குப் போயின என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

எனக்கும் ஓர் இடத்தில் தயக்கம் உண்டு. யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி எளிதன்று. கலிபோர்னியா மாநிலத்தின் இழப்பீட்டு ஆய்வுக் குழு 2022-இல் அடிமைகளின் வழித்தோன்றல்களுக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவரின் வழித்தோன்றல்களுக்கும் மட்டும் என்று ஒரே வாக்கு வித்தியாசத்தில் முடிவு செய்தது. எவன்ஸ்டன் இனத்தையும் வசித்த காலத்தையும் அளவுகோலாகக் கொண்டது. எவன்ஸ்டன் திட்டம் இன அடிப்படையில் அமைந்ததால் அரசியலமைப்புக்கு முரணானது என்று 2024-இல் வழக்கும் தொடுக்கப்பட்டது. சம பாதுகாப்பு வழங்கும் பதினான்காவது திருத்தம், விடுதலையான அடிமைகளின் உரிமையைக் காக்கவே 1868-இல் கொண்டுவரப்பட்டது. அதையே அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு எதிராக நீட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை. ஆயினும், இந்த இடத்தில், இந்த ஆண்டுகளில், இந்த அதிகாரி இதைச் செய்தார் என்று ஆவணத்தோடு நிறுவக்கூடிய இழப்பிலிருந்து தொடங்குவதே உறுதியான வழி என்று நினைக்கிறேன். எவன்ஸ்டன் போன்ற சிறு நகரங்களால் அது முடிகிறது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். மகளின் வீடு பழைய வீடு என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பகுதிகளின் பழைய கிரயப் பத்திரங்கள் பலவற்றில், இந்தச் சொத்தைக் கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட்டிருக்கும். 1948-இல் உச்ச நீதிமன்றம் அதை நிறைவேற்ற முடியாததாக்கிய பின்னும் வாசகம் பத்திரத்தில் அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் அங்கே போனதும் தாய்ப்பத்திரம் வரை எடுத்துப் பார்த்து, அப்படி ஒரு வரி இருந்தால் அதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். ஊரின் மேற்கே கால்வாயை ஒட்டிய ஐந்தாவது வார்டுக்கும் ஒரு நாள் சென்று வாருங்கள். அந்தப் பழைய குடும்பங்களில் எவரிடமாவது பேசும் வாய்ப்புக் கிடைத்தால், என் வாதத்தையும் உங்கள் வாதத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள்.

அண்ணியாருக்கு எங்கள் வணக்கத்தைத் தெரிவியுங்கள். புறப்படும் நாள் முடிவானதும் தெரிவித்தால், மதுரைக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

என்றும் அன்புடன்,
கதிரேசன்