கடற்புல் வேரடியில் வாழும் மட்டிகளையும் கணக்கில் எடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
சேதுபாவாசத்திரம் வட்டாரக் கடலோர மக்கள் சார்பில்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: பாக் விரிகுடா கடற்பசு பாதுகாப்பகம் – கடற்புல் கணக்கெடுப்பிலும் மறுநடவிலும் சேற்றுக்குள் வாழும் மட்டிகளைச் சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2022 செப்டம்பரில் நம் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதல். வலையில் சிக்கிய ஆவுளியாவை (கடற்பசுவை) வலையை அறுத்துக் கடலில் விடும் மீனவர்கள் எங்கள் கரையில் இருக்கிறார்கள். ஆவுளியாவுக்குச் சாப்பாடு கடற்புல். அந்தப் புல்லைக் காப்பதில் ஒரு முக்கியமான விஷயம் விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மனு.

கடற்புல் வளரும் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அது ஹைட்ரஜன் சல்பைடு. உதிர்ந்த இலையும் அலை கொண்டுவரும் கசடும் புல்லுக்கு இடையில் தங்கி, காற்றில்லாத சேற்றில் மட்கும்போது, கடல்நீரில் உள்ள சல்பேட்டைச் சில நுண்ணுயிரிகள் சல்பைடாக மாற்றுகின்றன. அது அளவு மீறினால் புல்லின் வேருக்கே நஞ்சு. ஆக, புல் அடர்த்தியாக வளர வளர, தன் வேருக்குத் தானே ஆபத்தைச் சேர்த்துக்கொள்கிறது.

அப்படியும் அது செழித்து நிற்கிறதென்றால், லூசினிட் எனப்படும் மட்டிக் குடும்பத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. இந்த மட்டிகளின் செவுள்களுக்குள் கந்தகத்தை உண்ணும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மட்டி தன் நீண்ட காலால் சேற்றைத் துளைத்துச் சல்பைடை உள்ளே எடுக்கிறது. பாக்டீரியா அதை ஆக்சிஜனேற்றம் செய்து, கிடைக்கும் ஆற்றலில் உணவு தயாரித்து மட்டிக்கும் கொடுக்கிறது. சேற்றில் நஞ்சு குறைவதால் புல் பிழைக்கிறது. புல்லின் வேர் கசியவிடும் ஆக்சிஜன் மட்டிக்கும் பாக்டீரியாவுக்கும் உதவுகிறது. 2012இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, உலகெங்கும் பார்த்த வெப்பமண்டலக் கடற்புல் வெளிகளில் 97 சதவீதத்தில் இந்த வகை மட்டிகள் இருப்பதாகச் சொன்னது. 2016இல் வெளியான ஆய்வுகள், இதே பாக்டீரியாக்கள் நைட்ரஜனையும் நிலைப்படுத்த, அதாவது நைட்ரஜன் வாயுவை உயிர்கள் பயன்படுத்தும் சத்தாக மாற்ற, வல்லவை என்று காட்டின.

இந்தக் கூட்டு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு மொரிட்டானியா நாட்டின் பாங்க் டார்கின் கடற்கரையே சாட்சி. அங்கே வறட்சியில் புல் காய்ந்தது. மட்டிகள் குறைந்தன. சேற்றில் சல்பைடு பெருகி, மிச்சமிருந்த புல்லும் பரவலாக அழிந்தது. அந்த நிலை இங்கே வரக் கூடாது.

எனவே, புல்லின் பரப்பை அளக்கும்போதே வேரடிச் சேற்றையும் சலித்து, மட்டிகளை இனவாரியாக எண்ணிச் சேற்றின் சல்பைடு அளவையும் பதிவு செய்ய வேண்டுகிறோம். மட்டிகளை எண்ணக் கம்பிச் சல்லடையும் பொறுமையும் இருந்தால் போதும், பெரிய செலவு பிடிக்காது.

மறுநடவு பற்றியும் சொல்ல வேண்டும். இதுவே எங்களுக்கு முக்கியம். இந்த மட்டிக் குஞ்சுகள் பாக்டீரியாவைத் தாயிடமிருந்து பெறுவதில்லை. சுற்றியுள்ள சேற்றிலிருந்தே பெறுகின்றன. எனவே வேரை அலசிவிட்டு வெறும் புல்லை மட்டும் கொண்டுபோய் நட்டால் கூட்டாளிகள் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்று நம்ப முடியாது. சில நடவுத் திட்டுகளில் தாய்ச் சேற்றோடும் மட்டியோடும், சிலவற்றில் அவை இல்லாமலும் நட்டு, எது தழைக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆவன செய்ய வேண்டும்.

அப்புறம், இழுவை மடி புல்லை அறுப்பதோடு நிற்பதில்லை, சேற்றையே புரட்டி மட்டிகளையும் வெளியே போடுகிறது. பாதுகாப்பக எல்லைக்குள் அடிமட்டத்தைச் சுரண்டும் வலைகள் நுழையாதபடி மீன்வளத் துறையுடன் சேர்ந்து ரோந்தைத் தீவிரப்படுத்தவும், இறால் பண்ணைக் கழிவுநீர் புல்வெளிப் பக்கம் திறந்துவிடப்படாமல் பார்த்துக்கொள்ளவும் கேட்டுக்கொள்கிறோம். சேற்றில் கழிவு கூடினால் சல்பைடும் கூடும். மட்டிகள் எவ்வளவுதான் தாங்கும்?

புல் எங்கே அடர்ந்திருக்கிறது, எங்கே தேய்ந்துவிட்டது என்பது எங்கள் மீனவர்களுக்கு அத்துப்படி. மாதிரி எடுக்கப் படகும் ஆளும் தர அவர்கள் தயார். இதுபற்றி நேரில் விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடலோர மக்கள் சார்பில்
(ஒப்பம்)

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தஞ்சாவூர்.