வர்ஜீனியாவை அந்த ஒரு இரவை வைத்து எடைபோடாதீர்கள்

சார்லட்ஸ்வில், வர்ஜீனியா
ஜனவரி 2, 2019

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிக் கூடைப்பந்து பற்றிய உங்கள் கட்டுரையில் டியூக்குக்கு இரண்டு பத்தி, நார்த் கரோலினாவுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். எங்கள் வர்ஜீனியா பல்கலைக்கழக அணிக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. இந்த அணி வழக்கம்போல ஏசிசி (நாங்கள் ஆடும் கல்லூரி லீக்) ஆட்டங்களில் ஜெயித்துவிட்டு மார்ச்சில் நடக்கும் தேசியப் போட்டியில் சுருண்டுவிடும், இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பதுதான் அந்த வரியின் சாரம். பேச நிறைய இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தோல்வி. 2018 மார்ச் 16 அன்று, பிரிவின் வலுவான அணியாக முதல் தரநிலையில் இருந்த நாங்கள், கடைசியாக 16-ஆம் தரநிலையில் இருந்த யுஎம்பிசி (மேரிலாந்து பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுன்டி) அணியிடம் 74-54 என்று தோற்றோம். என்சிஏஏ எனப்படும் அந்தத் தேசியப் போட்டியில், ஆண்கள் பிரிவில், அதற்கு முன் இப்படி 135 ஆட்டங்கள் நடந்து, 135-லும் முதல் தரநிலை அணிதான் வென்றிருந்தது. இடைவேளையில் 21-21. அப்புறம் ஒரே பாதியில் 53 புள்ளி கொடுத்தோம். அந்த சீசனில் ஒரு முழு ஆட்டத்துக்கே சராசரியாக 54 புள்ளி மட்டும் கொடுத்த அணி இது. என் மகள் அன்று கடைசி வரை டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் ஊரே அப்படித்தான் இருந்தது.

ஆனால் ஏன் தோற்றோம் என்று யோசிக்க வேண்டாமா? எங்கள் முக்கிய ஆட்டக்காரர் டியாண்ட்ரே ஹன்டர் அந்த ஆட்டத்தில் இல்லை. ஏசிசி தொடரில் மணிக்கட்டு முறிந்து வெளியே இருந்தார். மூன்று புள்ளிக்கு எறிந்த 22-ல் நான்குதான் விழுந்தது. எங்கள் ஆட்டம் மெதுவானது. பந்தை அவசரமில்லாமல் நகர்த்தி, நல்ல வாய்ப்பு வரும்வரை காத்திருந்து எறிவார்கள். முன்னிலையில் இருக்கும்போது இது எதிரணியின் கழுத்தைப் பிடிக்கும். பத்துப் பதினைந்து புள்ளி பின்தங்கிவிட்டால் அதே வேகம் நம் கழுத்தைப் பிடிக்கும், திரும்பி வரப் போதுமான வாய்ப்புகளே கிடைக்காது. அன்று நடந்தது இதுதான்.

சரி, இந்த வருடம் என்ன மாறியிருக்கிறது? ஹன்டர் முழு உடல்நலத்தோடு இருக்கிறார். பஹாமாஸில் நடந்த அட்லான்டிஸ் தொடரின் இறுதியில் விஸ்கான்சினை 53-46 என்று தோற்கடித்தபோது அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவரைவிட எனக்கு நம்பிக்கை தருவது முதலாண்டு மாணவன் கிஹே கிளார்க். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். டிசம்பரில் மணிக்கட்டில் அடிபட்டு, கட்டுப் போட்ட கையோடு ஆடினார். எதிரணியின் பாயின்ட் கார்டை, அதாவது பந்தை முன்னே கொண்டுவருபவரை, கோர்ட்டின் மறுமுனையிலிருந்தே நெருக்கிக்கொண்டு வருகிறார். அதைவிட முக்கியம், அவர் பந்தைக் கையாள்வதால் டை ஜெரோம், கைல் கை என்ற எங்கள் ஆட்டக்காரர்கள் இருவரும் எறிவதற்கு இடம் தேடி ஓட முடிகிறது. போன வருடம் இந்த வசதி இவ்வளவு இல்லை. அலபாமாவிலிருந்து வந்த பிராக்ஸ்டன் கீ ரீபவுண்டுக்கு (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க) உதவுகிறார். மேரிலாந்தின் சொந்த மைதானத்திலேயே 76-71 என்று ஜெயித்தோம். 70 புள்ளிக்கு மேல் விட்டுக்கொடுத்தும் வர்ஜீனியா ஜெயிக்கிறது என்றால் அது புது விஷயம்தான்.

எங்கள் பயிற்சியாளர் டோனி பென்னெட்டின் 'பேக் லைன்' தடுப்பாட்டம் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. அவருடைய அப்பா டிக் பென்னெட் உருவாக்கிய முறை அது. பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்கி மறிப்பார். மற்ற நான்கு பேரும் வளையத்திலிருந்து சுமார் 16 அடியில் ஒரு கற்பனைக் கோடு போட்டு அதற்குள்ளேயே நிற்பார்கள். உள்ளே நுழையப் பார்த்தால் சுவர். பந்தைத் தட்டிப் பறிக்கும் ஆசைக்கு இடமே கிடையாது. சலிப்பான ஆட்டம் என்கிறார்கள். எங்கள் ஜான் பால் ஜோன்ஸ் அரங்கில் வந்து உட்கார்ந்து பாருங்கள். எதிரணி எறிய வழியில்லாமல் எறிவதற்கான 30 விநாடிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது 14,000 பேர் எழுந்து நின்று கத்துவார்கள். அதில் சலிப்புக்கு ஏது இடம்?

கவலையே இல்லை என்று சொல்லவில்லை. வளையத்துக்கு அடியில் ஜாக் சால்ட்டும் மமாடி டியாகிட்டேயும் உழைப்பாளிகள்தான், ஆனால் அங்கே நின்று புள்ளி எடுத்துத் தர ஆள் குறைவு. இந்த வருட டியூக்கில் ஸயன் வில்லியம்சன் இருக்கிறார். அவரை அங்கே யார் தடுப்பது என்று எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

இந்த சீசனில் ஏசிசி-யில் 15 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 18 ஆட்டங்கள். நான்கு அணிகளை மட்டும் இரண்டு முறை சந்திக்க வேண்டும். எங்களுக்கு அவை டியூக், வர்ஜீனியா டெக், லூயிவில், நோட்ர டேம். லேசான பட்டியல் இல்லை. பிப்ரவரி 9 சனிக்கிழமை டியூக் இங்கே வருகிறது. திங்கட்கிழமையே சாப்பல் ஹில்லில் நார்த் கரோலினாவோடு மோத வேண்டும். நடுவில் இருப்பது ஒரே ஒரு ஞாயிறு.

இதையெல்லாம் மார்ச்சுக்கு முன்னால் நடக்கும் சடங்காக நினைப்பதுதான் உங்கள் கட்டுரையின் பிழை என்று எனக்குப் படுகிறது. என்சிஏஏ-யில் ஒரு மோசமான இரவு போதும், சீசன் முடிந்துவிடும். ஏசிசி-யில் எதிரில் நிற்பவர்கள் உங்களை வருடக் கணக்கில் படித்தவர்கள். உங்கள் ஒவ்வொரு அசைவும் தெரிந்தவர்களை அவர்கள் ஊருக்கே போய் ஜெயிக்க வேண்டும். போன வருடம் ஏசிசி-யில் ஆறாவதாக வரும் என்று கணிக்கப்பட்ட இதே அணி, 18-ல் 17 ஜெயித்தது. அதை ஓர் இரவு அழித்துவிடாது.

இதுவரை 12 ஆட்டங்களில் 12 வெற்றி, ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசைப் பட்டியலில் நான்காம் இடம். என் கணக்கில் 18-ல் 15 வரும். டியூக்கோடு ஒன்று, வெளியூரில் இரண்டு போகலாம். பின்தங்கும் ஆட்டங்களில் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் நான் கவனிக்கப்போகிறேன். நீங்களும் அதைக் கவனித்து எழுதுங்கள்.

சனிக்கிழமை ஃபுளோரிடா ஸ்டேட் வருகிறது. பெஞ்சிலிருந்து ஆள் மாற்றி ஆள் இறக்கிக் களைப்படைய வைக்கும் அணி. மகளோடு போகிறேன். டிக்கெட்டை நவம்பரிலேயே வாங்கிவிட்டாள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர் ஒருவர்